கட்டளை எந்த வழியாகப் போகிறது?

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணி. திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் தெரிகிறது. கீழே கூடியிருக்கும் லட்சக்கணக்கானவர்களுள் பலர் ஒரே சமயத்தில் கைபேசியை எடுத்து, "தீபம் பார்த்தாயிற்று" என்று வீட்டுக்குச் சொல்ல முயல்கிறார்கள். அழைப்பு கிடைப்பது எளிதல்ல. ஒரு செல்போன் கோபுரம் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் வழிவிட முடியும் என்ற வரம்பு உண்டல்லவா?

அதே ஊரில், அதே நேரத்தில், ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கூடத்தில் டி.வி.யில் படம் ஓடுகிறது. சமையலறையில் இருக்கும் மாணவி தன் கைபேசித் திரையைத் தொடுகிறாள். கூடத்தில் படம் நிற்கிறது. மீண்டும் தொடுகிறாள்; ஓடுகிறது. தெருவில் திணறும் கைபேசி வீட்டுக்குள் மட்டும் எப்படி வேலை செய்கிறது?

அந்த டி.வி.யுடன் ஒரு பழைய மடிக்கணினி இணைக்கப்பட்டிருக்கிறது. படங்களும் பாடல்களும் அதில்தான் உள்ளன. 2011-ஆம் ஆண்டு தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ பெற்ற கணினி உங்கள் வீட்டுப் பரணில் தூங்கிக்கொண்டிருந்தால், அதுவும் இந்த வேலைக்குப் போதும். எச்.டி.எம்.ஐ. கம்பியைச் செருகும் துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதலில் சாதாரண ரிமோட்டைக் கவனிப்போம். அதன் மூக்கில் உள்ள சிறு பல்பு, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரை வீசுகிறது. அலைநீளம் பெரும்பாலும் 940 நானோமீட்டர். ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தப் பல்பு விநாடிக்கு ஏறத்தாழ 38,000 முறை என்ற வேகத்தில் விட்டுவிட்டு மின்னுகிறது. எதற்கு இந்த அவசரம்? வெயிலிலும், ஏன், நம் உடலிலும்கூட அகச்சிவப்பு உண்டு. அந்தக் கூட்டத்தில் ரிமோட்டின் குரலைத் தனியே பிரித்தறிய டி.வி.க்கு ஓர் அடையாளம் வேண்டும். 38,000 என்பதே அந்த அடையாளம். இந்த மின்னலைச் சிறு சிறு கொத்துகளாக்கி, கொத்துகளுக்கு இடையே விடும் இடைவெளியின் நீளத்தால் 0, 1 என்று எழுதுவது ஒரு முறை. அதில் கட்டளையை ஒரு முறையும், 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் புரட்டி மறுமுறையும் அனுப்புகிறார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் டி.வி. அந்தக் கட்டளையைத் தள்ளிவிடும். எளிமையான, அழகான சரிபார்ப்பு!

ஆனால் அகச்சிவப்பும் ஒளியின் இனம்தான். சுவருக்குப் பின்னால் நிற்பவருக்கு மலைத் தீபம் தெரியாதது போல, சமையலறையிலிருந்து அழுத்தும் ரிமோட்டும் கூடத்து டி.வி.க்குத் தெரியாது. செங்கல்லும் சுண்ணாம்பும் அகச்சிவப்பை விழுங்கிவிடுகின்றன. ரேடியோ அலையிலோ ஒரு பகுதியைத்தான் விழுங்குகின்றன. மீதி மறுபுறம் வந்துவிடுகிறது.

இதை நம் நாட்டில் முதலில் மேடையேற்றிக் காட்டியவர் ஜகதீச சந்திர போஸ். 1895-இல் கல்கத்தாவில், சுவர்களுக்கு அப்பால் இருந்த ஒரு மணியை ரேடியோ அலையால் ஒலிக்கச் செய்தார்; வெடிமருந்தையும் பற்றவைத்தார். ரிமோட் என்ற சொல் வீடுகளுக்குள் நுழைவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னதாகவே தொலைவிலிருந்து ஒரு கட்டளை சுவரைத் தாண்டிவிட்டது. போஸ் ஆராய்ந்த அலைகளின் நீளம் மில்லிமீட்டர் கணக்கில். இன்று வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், ஏறக்குறைய அரைச் சாண். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்து நீங்களே சரிபார்க்கலாம்.

இனி கைபேசியின் கட்டளையைப் பின்தொடர்வோம். மாணவி திரையைத் தொட்டதும், "படத்தை நிறுத்து" என்ற பொருள்படும் சிறு செய்தி ரேடியோ அலையில் ஏறி ரவுட்டருக்குச் செல்கிறது. செய்தியின் மேல் முகவரி இருக்கும்: 192.168.1.5 என்பது போல. உங்கள் வீட்டிலும் இதே எண் இருக்கலாம், எதிர்வீட்டிலும் இருக்கலாம். ஒவ்வொரு தெருவிலும் 5-ஆம் எண் வீடு இருப்பதில்லையா? இவை வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண்கள். ரவுட்டர் முகவரியைப் பார்த்துச் செய்தியை மடிக்கணினியிடம் தள்ளிவிடுகிறது. அவ்வளவுதான் பயணம். செய்தி வாசற்படியைத் தாண்டவே இல்லை. செல்போன் கோபுரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, இணையமும் தேவையில்லை. தீபத்தன்று தெருவில் எத்தனை நெரிசல் இருந்தாலும் கூடத்தில் படம் நிற்பது இதனால்தான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. சாதாரண ரிமோட் கூவிவிட்டுப் போய்விடும். டி.வி. கேட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. கைபேசி அனுப்புவதோ ஒப்புகைச் சீட்டுடன் கூடிய பதிவுத் தபால். பெற்றுக்கொண்டதாகப் பதில் வராவிட்டால் அது செய்தியை மறுபடி அனுப்பும். ஓடும் படத்தின் பெயரும், இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி என்பதும் கைபேசித் திரையில் தெரிவது இந்த இருவழிப் பேச்சால்தான்.

கணினியில் கட்டளையை ஏற்க ஒரு மென்பொருள் வேண்டும். கோடி என்பது ஒன்று (நூறு லட்சம் அல்ல, பெயரே அதுதான்). வி.எல்.சி. என்பது இன்னொன்று. பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலையின் விளைவு அது. இரண்டும் இலவசம்.

வி.எல்.சி.யில் வலை இடைமுகத்தை இயக்கினால் அது கடவுச்சொல் கேட்கும். சலித்துக்கொள்ளாதீர்கள். சுவரைத் தாண்டும் அலைக்குப் பக்கத்து வீடு எது, நம் வீடு எது என்று தெரியாது. உங்கள் வைஃபை கடவுச்சொல்லை அறிந்த எவரும் அந்த "வீட்டுக்குள்" நிற்பவரே. இரண்டாவது பூட்டு இல்லாவிட்டால் அவர் உங்கள் படத்தை நிறுத்துவதோடு, கணினியில் என்னென்ன கோப்புகள் உள்ளன என்றும் பார்க்கக்கூடும். 1234 என்று வைப்பதும் பூட்டாமல் விடுவதும் ஒன்றே.

எல்லாச் செயலிகளும் இப்படி வீட்டோடு நிற்பவை என்று எண்ண வேண்டாம். சில செயலிகளில் கூடத்து விளக்கை அணைக்கும் கட்டளைகூடக் கடல் கடந்து ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போய்த் திரும்புகிறது. உங்களுடையது எந்த வகை? சோதித்துவிடலாம். பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, ரவுட்டருக்கு வரும் இணையக் கம்பியை மட்டும் கழற்றுங்கள், மின்சாரம் இருக்கட்டும். கைபேசியின் மொபைல் டேட்டாவையும் அணையுங்கள். ஒளியிழைக் கம்பியானால் வளைக்காமல், அதன் முனையைத் தொடாமல், கண்ணருகே கொண்டுபோகாமல் கழற்ற வேண்டும். இப்போது படம் நின்றால் கட்டளை வீட்டுக்குள்ளேயே போகிறது. நிற்காவிட்டால் அது வெளியூர் போய் வருகிறது.

அடுத்து ரவுட்டரையே அணைத்துப் பாருங்கள். தபால்காரர் இல்லை; கட்டளை போகாது. ஆனால் கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, மடிக்கணினியை அதனுடன் இணைத்தால் கைபேசியே ரவுட்டராகிவிடும். கணினியின் எண் மட்டும் மாறியிருக்கும். புதிய எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு மறுபடி முயலுங்கள்.