பாபநாசம் படித்துறையில் மறுபடியும்...

எனக்குப் பிறந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். சென்னையில் யாராவது கேட்டால், "பாபநாசம் பக்கம்" என்பேன். உடனே, "தஞ்சாவூர்ப் பாபநாசமா?" என்பார்கள். இல்லை, சகோதரிகளே! இது பொதிகை மலை அடிவாரத்துப் பாபநாசம். தாமிரபரணி மலையை விட்டு இறங்கிச் சமவெளியில் கால் வைக்கும் இடம். திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் சுமார் 50 கிலோமீட்டர்.

சின்ன வயதில் எங்களுக்குக் குளியலறை என்று ஒன்று கிடையாது. ஆறுதான் குளியலறை. விடியற்காலையில் சித்திமார், அத்தைமார், பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று ஒரு கூட்டமே கையில் துணி மூட்டையோடு கிளம்பும். பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, மஞ்சள் உரசி, ஊர்க்கதை எல்லாம் பேசி, மில் சங்கு ஊதும்போதுதான் கரை ஏறுவோம். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகும் ஊருக்குப் போனால் முதல் வேலை ஆற்றுக் குளியல்தான்.

அதை 2020-ல் விட்டேன். விட்ட காரணத்தை நான்கு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

அந்த வருஷம் குளிக்கும்போது இடது மார்பில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லையே என்றுதான் இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன். (நீங்கள் அப்படி இருக்காதீர்கள். வலிக்காத கட்டியையும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.) ஆபரேஷன், மருந்து ஏற்றுவது, ரேடியேஷன் என்று ஒரு வருஷம் ஓடிற்று. உயிர் பிழைத்தேன். முடி மறுபடி வளர்ந்தது. ஆனால் இடது பக்கம் வெறும் தழும்புதான். புடவை கட்டினால் வெளியே தெரியாது, உள்ளே பஞ்சு வைத்துச் சமாளிக்கலாம். நனைந்த பாவாடையோடு நாலு பேர் நடுவில் நிற்க முடியுமா? ஊருக்குப் போனபோதெல்லாம், "சளி பிடிச்சிருக்கு, டாக்டர் கூடாதுன்னுட்டார்" என்று சொல்லி வீட்டிலேயே வாளித் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தேன். சித்தி ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார்.

இப்படி இருக்கையில் 2024-ல் பேரனுடைய முதல் பிறந்தநாளுக்கு ஜப்பான் போனேன். மகளும் மாப்பிள்ளையும் யோகோஹாமாவில் இருக்கிறார்கள். "அம்மா, உன்னை ஒரு நல்ல இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று ஹக்கோனே என்ற மலை ஊருக்கு ரயிலில் அழைத்துப் போனாள் மகள். வெந்நீர் ஊற்று விடுதி. அங்கே அந்த ஊற்றை 'ஆன்சென்' என்கிறார்கள், விடுதிக்கு 'ரியோகான்' என்று பெயர். எரிமலைகள் நிறைந்த தேசம் அல்லவா? பூமிக்குள்ளிருந்து தண்ணீர் சூடாகவே வருகிறது. எதை ஆன்சென் என்று சொல்லலாம் என்பதற்கு 1948-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள்: ஊற்றுத் தண்ணீர் 25 டிகிரி சென்டிகிரேடாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குறிப்பிட்ட தாதுப் பொருள்களில் ஏதேனும் ஒன்றாவது போதிய அளவு அதில் இருக்க வேண்டும். யமனாஷி மாவட்டத்தில் ஒரு விடுதி கி.பி. 705-ல் ஆரம்பித்ததாம். உலகத்திலேயே பழைய ஹோட்டல் என்று கின்னஸ் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னதுமே எனக்கு நம் வீட்டுக்கு வந்தாற்போல் இருந்தது. அறையில் கட்டில் இல்லை, நாற்காலி இல்லை. கோரைப் பாய் விரித்த தரை. ஒரு அம்மாள் மண்டியிட்டு உட்கார்ந்து பச்சைத் தேநீரும் ஒரு துண்டு இனிப்பும் வைத்தார். ராத்திரி நாம் சாப்பிட்டு முடிந்த பிறகு அவரே வந்து மெத்தை விரித்துப் போடுவாராம். 'யுகாதா' என்ற பருத்தி அங்கியையும் கொடுத்தார்கள். அதில் இடது பக்கத்தை வலது பக்கத்துக்கு மேலே போட்டுக் கட்ட வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்காம்! நான் மாற்றித்தான் கட்டினேன். மகள் பதறிப்போய் அவிழ்த்துக் கட்டிவிட்டாள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கிண்ணம் கிண்ணமாக, இலை, பூ எல்லாம் வைத்து, பார்க்க நவராத்திரிக் கொலு மாதிரி இருக்கும். ஆனால் அவர்கள் ரசம் போன்ற சாற்றைப் பெரும்பாலும் காய்ந்த மீன் போட்டுத்தான் கொதிக்க வைக்கிறார்கள். சைவர்கள் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் வெறும் சோறுதான் மிஞ்சும். மகள் சொல்லி வைத்திருந்தாள், பிழைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். "குளியல் எப்படி?" என்று கேட்டேன். "பெண்களுக்குத் தனியாப் பெரிய குளம் இருக்கும்மா. முதல்லே வெளியே முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுச் சுத்தமாக் குளிச்சிடணும். அப்புறம்தான் குளத்தில் இறங்கணும்" என்றாள். "என்ன உடுத்திக்கொண்டு?" என்றேன். "ஒண்ணும் உடுத்தக்கூடாதும்மா. சின்னத் துண்டைக்கூடத் தண்ணியில் நனைக்காம தலைமேல் வெச்சுக்கணும்."

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. "உனக்கென்ன பைத்தியமா? என் நிலைமை தெரிந்துமா இங்கே கூட்டி வந்தாய்?" என்று கத்திவிட்டேன்.

அவள் நிதானமாக ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். தோளில் மாட்டி முன்பக்கத்தை மறைக்கிற மெல்லிய துணி. மார்பில் ஆபரேஷன் ஆன பெண்கள் பொதுக் குளத்தில் அணிவதற்கென்றே அங்கே தைத்து விற்கிறார்கள். இதை அணிந்து வருபவர்களைத் தடுக்கக்கூடாது என்று அரசாங்கமே விடுதிகளிடம் சொல்லி வருகிறதாம். 'பிங்க் ரிப்பன் விடுதிகள்' என்று ஒரு கூட்டமைப்பு 2012-லிருந்து இருக்கிறது. மார்புப் புற்றுநோய் கண்ட பெண்கள் சங்கோஜமில்லாமல் குளிக்க வழி செய்து தரும் விடுதிகள் அதில் சேர்ந்திருக்கின்றன. மகள் இதையெல்லாம் விசாரித்து, போனில் கேட்டுத்தான் அறை போட்டிருக்கிறாள். என்னிடம் முன்னால் சொன்னால் வரமாட்டேன் என்று தெரியும் அவளுக்கு!

இருந்தாலும் நான் அந்தப் பெரிய குளத்துக்குப் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அறையை ஒட்டி மரத்தொட்டி ஒன்று இருந்தது. அதில்தான் இறங்கினேன். அதுவும் பத்து நிமிஷம்தான். கக்கத்து நிணநீர்க் கட்டிகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்கும் உபாதை வரலாம். அதிகச் சூடு அதைக் கிளப்பிவிடும் என்று என் டாக்டரம்மா எச்சரித்திருந்தார். அங்கே தண்ணீர் சாதாரணமாகவே 40 டிகிரிக்கு மேல். இடது கையைத் தொட்டிக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு, மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு ராத்திரி வாடகை என்ன என்று மகள் சொல்லவில்லை. பிறகு மாப்பிள்ளை சொன்னார். எங்கள் வீட்டு மூன்று மாத மளிகை!

ஊர் திரும்பின பிறகும் அந்தத் துணி மனசை விட்டுப் போகவில்லை. எந்தத் துணியும் கூடாது என்கிற இடத்திலேயே ஒரு துணிக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நம் படித்துறையிலோ எல்லோருமே மூடிக்கொண்டுதான் குளிக்கிறோம். அப்புறம் நான் எதற்காக ஒளிகிறேன்?

2025 தை மாதம் ஊருக்குப் போனபோது சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுபது தாண்டியவர். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை, கோபித்துக்கொண்டார்.

"ஏட்டி, இத்தன வருசம் இதையா மறச்சு வச்சிருந்த? நாங்கல்லாம் நீ பட்டணத்துக்காரி ஆயிட்ட, ஆத்துத் தண்ணி ஒனக்கு ஒத்துக்கிடலன்னுல்லா நெனச்சோம்! பாவாடைய மாருக்கு மேல கட்டிக்கிட்டுத்தான குளிக்கோம்? ஒன்னய யாரு உத்துப் பாக்கப் போறா? அவ அவ துணி தொவைக்கதுக்கே நேரம் காங்கல. காலைல கெளம்பு, நான் வாரேன்."

"கூட்டமா இருக்குமே சித்தி" என்றேன். "கூட்டம்னாத்தான்ட்டி நல்லது. ஆரும் ஆரையும் பாக்க மாட்டாவ" என்றார்.

கோயிலுக்கு எதிரே படித்துறை. வழக்கம்போல மீன்கள் கூட்டமாகப் பொரிக்குக் காத்திருந்தன. பரிகாரம் என்று சொல்லிப் பழைய துணிகளை ஆற்றிலே விட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டு புடவைகள் கல்லில் சிக்கிக் கிடந்தன. சித்தி திட்டிக்கொண்டே அவற்றை இழுத்துக் கரையில் போட்டார். பாவம் போகிறதோ இல்லையோ, ஆறு பாழாகிறது.

கறுப்புப் பாவாடையை இரட்டையாகக் கட்டி, மேலே ஒரு துண்டும் போர்த்திக்கொண்டேன். முதல் படியில் கால் வைத்தபோது சில்லென்று உச்சி வரை ஏறிற்று. ஹக்கோனே எங்கே, இது எங்கே! இடுப்பளவு தண்ணீருக்குப் போனதும் மீன்கள் காலைக் கொத்த ஆரம்பித்தன. சின்னப் பிள்ளை மாதிரி கத்திவிட்டேன். பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். என் முகத்தைத்தான் பார்த்தாள். மூழ்கி எழுந்தேன். துண்டு எப்போது நழுவிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. சித்திதான் பிடித்து வைத்திருந்தார்.

கரை ஏறியதும் ஈரத்துணி வாளியைத் தூக்கப் போனேன். "இடது கையால தூக்கப்படாதுன்னேல்லா?" என்று பிடுங்கிக்கொண்டார். (இதுவும் டாக்டரம்மா சொன்னதுதான். அந்தக் கையில் கனம் தூக்கும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். வெட்டுக்காயம், கீறல் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். புண் ஆறாமல் இருக்கும்போதோ, ரேடியேஷன் நடக்கும்போதோ ஆறும் அருவியும் கூடவே கூடாது.)

கோயிலுக்குள் போனோம். உலகம்மை சன்னதி முன் உரலில் பெண்கள் விரலி மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மஞ்சள்தான் அம்மனுக்கு அபிஷேகம். உலக்கையை வலது கையால் பிடித்து நானும் நாலு இடி இடித்தேன். வீட்டுக்கு வந்தால் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். மூன்று தரம் போட்டுக்கொண்டேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

"நாளைக்கு அகஸ்தியர் அருவிக்குப் போவமாட்டி?" என்றார் சித்தி. அருவிக்குப் போகும் வழியில் வனத்துறைச் சாவடி இருக்கிறது, பையைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் பையை எல்லாம் எடுத்து வெளியே வைத்துவிட்டு, மஞ்சள் பையில் மாற்றுப் புடவையையும் அந்தக் கறுப்புப் பாவாடையையும் மடித்து வைத்தேன். பாவாடை இன்னும் சரியாகக் காயவில்லை.