கிண்ணமும் ஏற்றமும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் அழகிய பெயர்கள் வழங்கி வருகின்றன. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. கடலும் வாவியும் இருபுறமும் நெருக்க நடுவே நீண்டு கிடக்கும் ஊர்கள் எழுவான்கரையைச் சேர்ந்தவை. வயலும் காடுமாக மேற்கே விரிந்து செல்வது படுவான்கரை. தொழிலிலும் பேச்சின் இழைவிலும் சிறு வேற்றுமைகள் இருப்பினும், மாலை வேளையில் ஒரு வெற்று நிலமும் ஒரு பந்தும் கிடைத்துவிட்டால் இரு கரையினரும் ஒரே கூட்டத்தினர் ஆகிவிடுவர். உதைபந்தாட்டம் அங்கே அத்துணை வேரூன்றிய விளையாட்டு.

ஆட்டம் முடிந்தபின் தேநீர்க் கடையில் தொடங்கும் ஆட்டம் வேறு. அதற்கு நடுவரும் இல்லை, நேர வரையறையும் இல்லை. அங்கே அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. ஒரு கழகம் முன்னொரு நாள் ஒரு கிண்ணத்தை வென்றது. பின்னொரு காலத்தில் அதே கழகம் லீக் போட்டியில் கீழ்ப்பிரிவிலிருந்து மேற்பிரிவுக்கு உயர்ந்தது. இவ்விரண்டில் எது பெரிது? முதியவர் கிண்ணம் என்பார். இளைஞர் ஏற்றம் என்பார். இது மட்டக்களப்பாருக்கு மட்டுமே உரிய வழக்கன்று. உதைபந்தாட்டம் ஒழுங்குபெற்ற நாடுகள் எல்லாவற்றிலும் நடக்கும் வழக்கே. ஆயினும் வாவிக்கரையில் அதற்கு ஒரு தனிப் பொருள் சேர்ந்திருக்கிறது.

முதலில் இருவகைப் போட்டிகளின் இயல்பை நோக்குதல் வேண்டும். கிண்ணப் போட்டி விலகல் முறையில் நடப்பது. அறுபத்துநான்கு அணிகள் களமிறங்கினால் 63 ஆட்டங்கள் நடைபெறும். ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணியாக 63 அணிகள் தோற்று வெளியேறும். எஞ்சி நிற்பது ஒன்றே. அந்த ஓர் அணி ஆறு முறை வென்றால் போதும். லீக் முறையோ எவரையும் வெளியேற்றுவதில்லை. பன்னிரண்டு அணிகள் இருப்பின் ஒவ்வொன்றும் மற்றப் பதினொன்றுடனும் இருமுறை மோத வேண்டும். அணிக்கு 22 ஆட்டம், மொத்தம் 132 ஆட்டம். ஒரு நாள் தோற்றவன் மறுவாரம் ஈடுசெய்யலாம். ஒரு நாள் அதிர்ஷ்டத்தால் வென்றவனை மறுவாரம் வந்து அடக்கிவிடும். ஆதலால் கிண்ணத்தில் துணிவும் நல்வினையும் பேசும். லீக்கில் உடல் வலிமை, மாற்று வீரர், பணம், பொறுமை ஆகியவை பேசும்.

இங்கிலாந்தில் சங்கக் கிண்ணம் 1871-72ஆம் பருவத்தில் தோன்றியது. லீக் 1888இல்தான் பிறந்தது. இரண்டாம் பிரிவு 1892இல் சேர்க்கப்பட்டது. முதற் சில ஆண்டுகள் மேற்பிரிவின் கடைசி அணிகளும் கீழ்ப்பிரிவின் முதல் அணிகளும் தனி ஆட்டம் ஆடியே இடம் மாறின. 1898க்குப் பிறகு பட்டியலில் பெற்ற இடமே தீர்ப்பு என்றாயிற்று. அன்றுதொட்டு ஏற்றமும் இறக்கமும் உதைபந்தாட்ட வாழ்வின் அச்சாணியாயின. கிண்ணம் இழந்தால் துயரம் ஒரு மாலையோடு தீரும். பிரிவு இறங்கினால் அடுத்த ஆண்டு முழுவதும் அதன் சுமையைத் தாங்க வேண்டும்.

இவ்வழக்குக்கு மிகச் சிறந்த சான்று சண்டர்லண்ட் கழகத்தின் கதை. இங்கிலாந்தின் வடகிழக்கிலே கப்பல் கட்டும் தொழிலாளரும் நிலக்கரிச் சுரங்கத்தாரும் வாழ்ந்த நகரம் அது. 1973ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள், இரண்டாம் பிரிவில் இருந்த அக்கழகம் வெம்பிளி மைதானத்தில் லீட்ஸ் யுனைட்டட் அணியைச் சந்தித்தது. லீட்ஸ் அணியோ முந்திய ஆண்டின் கிண்ண வெற்றியாளர். அக்காலத்தில் இங்கிலாந்தின் மிக வலிய அணிகளுள் ஒன்று. முற்பாதியில் இயன் போர்ட்டர்ஃபீல்ட் அடித்த ஒரு கோல், பிற்பாதியில் கோல் காப்பாளர் ஜிம் மொன்ட்கோமரி அடுத்தடுத்து இருமுறை தடுத்த பந்து, இவையே வெற்றியைத் தந்தன. ஆட்டம் முடிந்ததும் முகாமையாளர் பொப் ஸ்டோக்கோ தொப்பியும் மழைச்சட்டையுமாக மைதானத்துக்குள் ஓடிச்சென்று கோல் காப்பாளரைக் கட்டித் தழுவினார்.

அதே ஸ்டோக்கோ அதே கழகத்தை 1976இல் இரண்டாம் பிரிவின் முதலிடத்துக்குக் கொண்டுவந்து முதற்பிரிவுக்கு ஏற்றினார். கிண்ணத்துக்காக அக்கழகம் ஆடியவை, மறு ஆட்டங்களையும் சேர்த்து, ஒன்பது. ஏற்றத்துக்காக ஆடியவை 42. எனினும் இன்று சண்டர்லண்ட் மைதானத்தின் வெளியே நிற்கும் ஸ்டோக்கோவின் சிலை, 42 ஆட்டங்களின் வழியே ஏற்றத்தை வென்றெடுத்த முகாமையாளரைக் காட்டவில்லை. 1973ஆம் ஆண்டின் அந்த ஓட்டத்தையே காட்டுகிறது. ஏறிய மறு ஆண்டே, 1977இல், கழகம் மீண்டும் இறங்கிவிட்டது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. ஏற்றம் நிலைக்கவில்லை, ஓட்டம் வெண்கலத்தில் நிலைத்துவிட்டது.

ஆனால் இதைக் கொண்டு வழக்கை முடித்துவிடலாகாது. சவுதாம்ப்டன் கழகமும் இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே 1976இல் மஞ்செஸ்டர் யுனைட்டட் அணியை பொபி ஸ்டோக்ஸ் அடித்த தனி ஒரு கோலால் வென்று கிண்ணத்தைப் பெற்றது. 1978இல் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. உயர்ந்த பின் 2005 வரை, இருபத்தேழு ஆண்டுகள், அக்கழகம் கீழே இறங்கவே இல்லை. தந்தை சிறுவனாகக் கண்ட முதற்பிரிவை மகனும் கண்டு வளர்ந்தான். இதையும் ஒரு சிலையில் வடித்துவிடலாமா என்று கேட்டால், முடியாது. இருபத்தேழு ஆண்டுகளுக்கு உருவம் ஏது?

இரண்டையும் ஒரே பருவத்தில் பெற்ற கழகம் ஒன்றே ஒன்றுதான். 1930-31இல் வெஸ்ட் புரொம்விச் அல்பியன் சங்கக் கிண்ணத்தையும் வென்றது, இரண்டாம் பிரிவிலிருந்து உயரவும் செய்தது. அவ்வூர் இரசிகருக்கு மட்டும் தேநீர்க் கடை வழக்கு இல்லாமற் போயிற்று! இதற்கு நேர்மாறான கதை விகன் அத்லெட்டிக்கினுடையது. 2013 மே 11இல் அக்கழகம் மஞ்செஸ்டர் சிற்றியை இறுதி நிமிடத்துக் கோலால் வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகக் கிண்ணத்தைக் கையிலேந்தியது. மூன்றாம் நாள், மே 14இல், ஆர்சனலிடம் 4-1 என்று தோற்று மேற்பிரிவிலிருந்து வீழ்ந்தது. ஒரே பருவத்தில் கிண்ணமும் வீழ்ச்சியும் கண்ட முதற் கழகம் அதுவே. மூன்று நாளுக்குள் ஊர்வலமும் இழவும் கண்டவர்களிடம் எது பெரிது என்று கேட்பது கொடுமை.

தொலைநாட்டுக் கதைகள் போதும். இலங்கையர் அனைவரும் அறிந்த சான்று கிரிக்கெட்டில் இருக்கிறது. இலங்கை 1979இல் இணை உறுப்பு நாடுகளுக்கான ஐ.சி.சி. கிண்ணத்தை வென்றது, அதே ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் இந்தியாவையும் தோற்கடித்தது. 1981 ஜூலையில் டெஸ்ட் அந்தஸ்துக் கிடைத்தது. 1982 பெப்ரவரி 17இல் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துக்கெதிரான முதல் டெஸ்ட் ஆட்டம் தொடங்கிற்று. இந்த அந்தஸ்தே கிரிக்கெட்டுக்குரிய ஏற்றம். பதினான்கு ஆண்டுகளின் பின், 1996 மார்ச் 17இல், லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்று உலகக் கிண்ணம் கொணர்ந்தனர். இன்று தெருவில் எவரை நிறுத்திக் கேட்பினும் 1996 என்பார். 1981 என்பவர் நூற்றில் ஒருவர். ஆயினும் இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் வலிய நாடுகளுடன் ஐந்து ஐந்து நாளாக ஆடித் தோற்றுத் தோற்றுப் பழகியிராவிட்டால் லாகூர் நாள் வந்திருக்குமா என்பது ஐயமே. உதைபந்தாட்டத்திலோ கதை மறுபுறம் திரும்பியது. 1995இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை இலங்கை பெற்றது. அதன்பின் அக்கிண்ணம் வரவில்லை. உலகத் தரவரிசையில் நாடு 200ஆம் இடத்துக்கும் கீழே இறங்கிய காலமும் வந்தது. கீழே படிகள் இல்லாமல் உயரத்தில் வைத்த கிண்ணம் அது.

இனி வாவிக்கரைக்கு மீள்வோம். அங்கே இரசிகத்தன்மை உதைபந்தோடு வந்ததன்று. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டு மட்டக்களப்புக்குரிய பழஞ்சொத்து. மழை வேண்டியும் கொள்ளைநோய் நீங்க வேண்டியும் ஊர் இரண்டாகப் பிரிந்து ஆடுவர். வடசேரியார் கோவலன் பக்கம், தென்சேரியார் கண்ணகி பக்கம். வளைந்த மரக்கொம்பு இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பிணைத்து இழுப்பர். எக்கொம்பு முறிகிறதோ அச்சேரி தோற்றது. வென்றவர் தோற்றவரைப் பாட்டாலே கேலி செய்வர். 1964இல் வெளிவந்த ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலில் வி. சீ. கந்தையா இவ்வழக்கங்களைப் பதிந்து வைத்தார். இவ்விளையாட்டிலே பட்டியல் கிடையாது. சென்ற முறை தோற்ற சேரி அடுத்த முறை கீழிடத்தில் தொடங்குவதில்லை. கொம்பு முறிந்தது, ஆட்டம் தீர்ந்தது. கிண்ணப் போட்டியின் மனநிலை இதுவேயன்றோ!

உதைபந்தாட்டத்திலும் இம்மனநிலை வேறொரு வடிவம் கொண்டது. மறைந்த ஒருவரின் பெயரால் நடத்தும் ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டிகள் ஈழத்தமிழர் ஊர்களில் மிகுதி. ஆசிரியர், பயிற்றுநர், இளவயதில் இறந்த வீரர் என்று எவர் பெயரேனும் அக்கிண்ணத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பணவசதியைப் பொறுத்துச் சில இடங்களில் அணிக்குப் பதினொருவரும் சில இடங்களில் எழுவரும் ஆடுவர். கிண்ணத்தை வாங்கும் தலைவன் ஒரு வெற்றியை மட்டும் வாங்குவதில்லை; அக்குடும்பத்தாரின் கையிலிருந்து ஒரு பெயரையும் வாங்குகிறான். லீக் பட்டியலிலோ கழகத்தின் பெயரும் புள்ளிகளுமே உண்டு. முதியவர்கள் கிண்ணத்தின் பக்கம் சாய்வதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் நிலமும் காலமும். லீக் நடக்க வேண்டுமானால் ஒவ்வொரு வாரமும் அணி பயணம் செய்ய வேண்டும். மைதானம் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆறேழு மாதம் கணக்குப் புத்தகம் ஓட வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு வரும் மழை வாவியை நிரப்பித் தாழ்நில மைதானங்களை மூடிவிடும். 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளும் எழுவான்கரை ஊர்களைச் சிதைத்தன. இவற்றினும் நீண்டது போர். 1983 தொடங்கி 2009 வரை நீடித்த அக்காலத்தில் படுவான்கரையின் பெரும்பகுதி நெடுநாள் ஓர் ஆட்சியின் கீழும், நகரம் மற்றோர் ஆட்சியின் கீழும் இருந்தன. துறையைக் கடப்பதும் சோதனைச் சாவடியைக் கடப்பதும் நாளுக்கு நாள் மாறும் காரியங்கள். இத்தகைய நிலையில் 22 வாரத்து அட்டவணை எழுதுவதெப்படி? திருவிழாவை ஒட்டியோ புத்தாண்டை ஒட்டியோ இரண்டு நாளில் முடியும் கிண்ணப் போட்டியே இயன்றது. ஒரு தலைமுறை முழுவதும் உதைபந்தாட்டம் உயிர்த்திருந்தது அவ்விரண்டு நாட்களில்தான். அவற்றைச் சிறிதென்று சொல்ல எவருக்கும் வாய் வராது.

எனவே இளைஞர் ஏற்றத்தைப் பெரிதென்று வாதிடும்போது, முதியவருக்குக் கிடையாத ஒன்றைத் தாம் பெற வேண்டும் என்றே கேட்கிறார்கள். அவர்கள் விரும்புவது அடுத்த சனிக்கிழமையும் ஆட்டம் உண்டு என்னும் உறுதி. தோற்றாலும் அடுத்த வாரம் வரும். வென்றாலும் அடுத்த வாரம் வரும். அமைதியான நாட்டாருக்கு இது பேசவும் தகாத சாதாரணச் செய்தி. வாவிக்கரையில் அது அண்மையில் வந்த செல்வம். அமெரிக்க இயேசு சபைத் துறவி ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயர் தாங்கிய மட்டக்களப்பு மைதானத்தில் ஆட வரும் படுவான்கரை அணிக்கு, ஆட்டத்தினும் நீண்டதாக இருந்தது ஒருகாலத்தில் பயணமே.

மண்முனைத் துறையிலே முன்பு மிதவைப் பாதைதான் உண்டு. அது கரை சேரும்வரை வீரரும் துவிச்சக்கரவண்டியும் நெல்மூட்டையும் காத்து நிற்க வேண்டும். இருட்டினால் எதிர்க்கரையிலேயே தங்க வேண்டும். 2014இல் அங்கே பாலம் திறக்கப்பட்டது. இப்போது ஆட்டம் முடிந்த மாலையிலேயே அணி படுவான்கரை திரும்பிவிடுகிறது. தேநீர்க் கடை வழக்கும் அன்றிரவே தொடங்கிவிடுகிறது.