சுண்டெலியின் பயம்: மரபணு எவ்வளவு, சூழல் எவ்வளவு?

'பதற்றத்துக்கு இந்த மரபணுதான் காரணம், எலிகளில் நிரூபணம்' என்று செய்தி வந்தால், அந்த எலியை எங்கே வைத்து எப்படிச் சோதித்தார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். ஏன் என்று மூன்று ஆய்வுகளை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், எலியின் பதற்றத்தை எப்படி அளக்கிறார்கள்? கூட்டல் குறி வடிவத்தில், தரையிலிருந்து உயரமாக ஒரு மேடை. எதிரெதிரான இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் திறந்தவெளி. சில நிமிடம் எலியை அதில் விடுவார்கள். சுவருக்குள்ளேயே பதுங்கினால் பதற்றம் அதிகம், திறந்த கையில் உலாவினால் குறைவு. டயாஸிபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்து கொடுத்தால் எலி வெளியே அதிகம் வரும். புது மருந்துகளையும் இதில்தான் சோதிக்கிறார்கள். அதனால் இந்த அளவுகோல் ஆடினால் அதை நம்பி எடுக்கும் முடிவுகளும் ஆடும்.

ஆடுகிறதா? 1999இல் கிராப், வால்ஸ்டன், டூடெக் மூவரும் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவின் போர்ட்லாண்ட், ஆல்பனி, கனடாவின் எட்மண்டன் என மூன்று ஆய்வகங்கள். எட்டு மரபு வகை எலிகள். கருவி, வயது, தீனி, சோதனை வரிசை, தொடங்கும் நேரம் என முடிந்ததையெல்லாம் ஒன்றாக்கினார்கள். அப்படியும் சில சோதனைகளில் ஊருக்கு ஊர் முடிவு மாறியது. மேடைச் சோதனையும் அதில் ஒன்று. எட்மண்டனில் எலி ஒவ்வாமை இருந்ததால் சுவாசக் கவசம் போட்டுக்கொண்டு சோதித்தார்கள். இப்படிப்பட்ட விஷயங்களை எந்த விதிமுறையில் எழுதுவது?

ஒரே கோட், ஒரே டேட்டா, மூன்று சர்வரில் மூன்று அவுட்புட் என்றால் நாங்கள் என்விரான்மென்ட்டைத்தான் முதலில் நோண்டுவோம். இதுவும் அதே கதைதான்.

அதற்காக மரபணு சும்மா என்று ஆகிவிடாது. எந்த வகை எலி மதுவை விரும்பிக் குடிக்கும் என்பது போன்ற பெரிய வித்தியாசங்கள் மூன்று ஊரிலும் அப்படியே நின்றன. சிறிய வித்தியாசங்கள்தான் வழுக்கின. ஒற்றை மரபணுவை நீக்கிப் பார்க்கும் ஆய்வுகளில் பெரும்பாலும் கிடைப்பது அந்தச் சிறிய வித்தியாசங்கள்தான். சிக்கலே அங்கேதான்.

சூழல் என்றால் சோதனை அறை மட்டும் இல்லை. 2003இல் நேச்சர் நியூரோசயன்ஸில் வந்த ஆய்வு இது: துணிச்சலான கருப்பு எலி வகையின் கருவை, பயந்த சுபாவமுள்ள வெள்ளை எலி வகைத் தாயின் வயிற்றில் வைத்தார்கள். பிறந்த பிறகும் அதே வகைத் தாயிடம் வளரவிட்டார்கள். குட்டிகள் வளர்ந்ததும் பல சோதனைகளில் வெள்ளை எலி மாதிரி நடந்துகொண்டன. மரபணு கருப்பு எலியுடையது, நடத்தை வெள்ளை எலியுடையது! கருப்பை மட்டும், வளர்ப்பு மட்டும் என்றால் இந்த மாற்றம் வரவில்லை. இரண்டும் சேர வேண்டியிருந்தது.

தாய் என்றதும் நம்ம மதுரையைச் சொல்லாமல் இருக்க முடியாது. இங்கே காமராசர் பல்கலைக்கழகத்தில் என். விசுவநாதனும் எம்.கே. சந்திரசேகரனும் வயல் சுண்டெலிகளை ஆராய்ந்தார்கள். பகல் இரவு தெரியாத சூழலில் 12 மணி நேரம் தாயைக் குட்டிகளோடு விட்டார்கள், 12 மணி நேரம் பிரித்தார்கள். குட்டிகளின் உடல் கடிகாரம் அந்த வருகையையும் பிரிவையும் பிடித்துக்கொண்டது. தாய் இருந்தால் பகல், இல்லாவிட்டால் இரவு. 1985இல் நேச்சர் இதழில் வந்தது. இது பயத்தைப் பற்றிய ஆய்வு இல்லைதான். ஆனால் பிறவியிலேயே வரும் கடிகாரத்துக்குக்கூட நேரம் திருத்தித் தருவது சூழல் என்று காட்டியது.

'பயம் எங்க குடும்ப ரத்தத்துலயே இருக்கு' என்று பிள்ளையைப் பற்றிச் சொல்பவர்கள் நிறைய. எலி ஆய்வை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. ஆனால் அந்தப் பேச்சுக்கு எலிகூடச் சாட்சி சொல்லவில்லை.

ஆக, அடுத்த முறை அப்படிச் செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். வேறு ஆய்வகத்திலும் அதே முடிவு வந்ததா? வித்தியாசம் எவ்வளவு பெரியது? அந்த எலிகளை வளர்த்த தாய் எந்த வகை?