நாற்பதாம் நம்பர் ஆயிலும் இன்றைய டப்பாக்களும்

புதுச்சேரியில் பாகூரை அடுத்த குருவிநத்தம் பக்கம் ஒரு காலத்தில் எஞ்சின் ஆயில் என்றால் நாற்பதாம் நம்பர்தான். பெண்ணையாற்றங்கரைக் கொல்லைகளில் தண்ணீர் இறைத்த ஆயில் எஞ்சினுக்கும் அதுதான், வாடகை அம்பாசிடருக்கும் அதுதான், புல்லட்டுக்கும் அதுதான். கடையில் பேரல் நிற்கும். கைப்பம்பால் அடித்து, தகரக் குவளையில் அளந்து, நாம் கொண்டுபோன பாட்டிலில் ஊற்றித் தருவார்கள். லூஸ் ஆயில். பேரலுக்குள் இருப்பது புது எண்ணெயா, வடிகட்டிய பழைய எண்ணெயா என்பதற்குக் கடைக்காரர் வாய்ச்சொல்தான் சாட்சி.

வாய்ச்சொல்லை மட்டும் நம்ப முடியாததால் எண்ணெயைச் சோதிக்கும் பழக்கம் வண்டிக்காரர்களின் கையிலேயே இருந்தது. கேஜ் குச்சியை உருவி, ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார்கள். நறநறவென்றால் மண்ணோ இரும்புத்தூளோ கலந்திருக்கிறது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டரிலோ ரிங்கிலோ கோளாறு. பழைய செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டுக் காய வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. சொட்டு சீராகப் பரவினால் எண்ணெயில் இன்னும் சத்து இருக்கிறது. நடுவில் கறுப்புத் திட்டாக நின்று, சுற்றிலும் எண்ணெய் மட்டும் பிரிந்து ஓடினால், அழுக்கைச் சுமக்கும் திறன் போய்விட்டது, மாற்ற வேண்டும். இதைப் பள்ளியில் படித்து வந்தவர்கள் அல்ல அவர்கள். ஆனாலும் அந்தச் சோதனை சரியானது. இன்றும் எண்ணெயைச் சோதிப்பவர்கள் சொட்டுச் சோதனையைக் கைவிடவில்லை.

இன்று ஆயில் எஞ்சின் இருந்த இடத்தில் மின்மோட்டார் ஓடுகிறது. பாகூர் சாலைக் கடைகளில் பேரலுக்குப் பதில் சீல் வைத்த டப்பாக்கள் அடுக்கியிருக்கின்றன: 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50. புது வண்டி வைத்திருப்பவருக்குக் கவலை இல்லை. வண்டியோடு வந்த புத்தகத்தில் எழுதியிருப்பதை வாங்கி ஊற்றினால் போதும். சிக்கல் பழைய வண்டி வைத்திருப்பவருக்குத்தான். "வெல ஜாஸ்திதாண்ணே, ஆனா ஃபுல் சிந்தெடிக், வண்டி சும்மா பறக்கும்" என்று கடைப் பையன் எடுத்து நீட்டும் டப்பா, அந்த எஞ்சின் பிறந்தபோது இல்லாத எஞ்சின்களுக்காகச் செய்யப்பட்டது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த கார். இங்கிலாந்தின் ட்ரயம்ஃப் ஹெரால்டுதான் அதன் மூலம். அதே ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி, அதே குடும்பத்து எஞ்சினை வைத்து, 1962இல் ட்ரயம்ஃப் விட்ட இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். ஆகவே லண்டனில் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவருக்கு வரும் எண்ணெய்க் கேள்வியும், நம் பக்கம் கொட்டகையில் ஹெரால்டைத் துணி போர்த்திக் காப்பாற்றி வருபவருக்கு வரும் கேள்வியும் ஒன்றே.

கேள்வி முழுவதும் கேம் ஷாஃப்டில் இருக்கிறது. அந்தக் காலத்து எஞ்சின்களில் கேமின் முட்டு, டேப்பெட்டின் தட்டையான முகத்தின்மேல் உரசிக்கொண்டே நகரும். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் அந்த இடத்தில் ரோலர் உருள்கிறது. உரசும் இரும்புக்குப் பாதுகாப்பு, எண்ணெயில் கலக்கும் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மம். சூட்டிலும் அழுத்தத்திலும் அது இரும்பின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுக்கும். ஆனால் அதே பாஸ்பரஸ் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். நம் நாட்டில் நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. உலகெங்கும் கன்வெர்ட்டரின் ஆயுளை நீட்டிக்க பாஸ்பரஸைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரத்தில் மேல்வரம்பு 0.08 சதவீதம். கன்வெர்ட்டரே இல்லாத ஹெரால்டுக்கு இந்தக் குறைப்பால் ஒரு பயனும் இல்லை, நட்டம்தான்.

இங்கேதான் கடையில் யாரும் சொல்லாத ஒரு செய்தி இருக்கிறது. அந்த வரம்பு 10டபிள்யூ-30 வரையிலான மெல்லிய எண்ணெய்களுக்குத்தான். 20டபிள்யூ-50க்குப் பொருந்தாது. பழைய எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 நல்லது என்று பெரியவர்கள் சொல்வதற்குக் கெட்டித்தன்மை ஒரு காரணம் என்றால், இது இரண்டாவது காரணம். டப்பாவின் பின்பக்கத்தில் துத்தநாகம், பாஸ்பரஸ் பற்றி எழுதியிருந்தால் அதையும் படித்துவிட்டு வாங்கலாம்.

கெட்டித்தன்மை விஷயமும் லேசானதல்ல. பல லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த பேரிங்கில் இடைவெளி கூடியிருக்கும். மெல்லிய எண்ணெய், தேய்ந்த மதகுப் பலகையில் தண்ணீர் கசிவதுபோல அந்த இடைவெளியில் ஓடிவிடும். ஆயில் பிரஷர் இறங்கும். டப்பாவில் பின்னால் இருக்கும் எண் சூட்டுக்கானது. 100 டிகிரி சூட்டில் முப்பதாம் நம்பர் எண்ணெயின் பிசுக்களவு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை, ஐம்பதாம் நம்பருக்கு 16.3 முதல் 21.9 வரை. சித்திரை வெயிலில் கடலூர் சாலை நெரிசலில் நிற்கும் காருக்கு இந்த வித்தியாசம் பெரிது. முன்னால் இருக்கும் டபிள்யூ எண் குளிருக்கானது. 20டபிள்யூ எண்ணெயைக் குளிரில் எஞ்சின் சுற்றும் சோதனைக்கு மைனஸ் 15 டிகிரியில் வைக்கிறார்கள், 0டபிள்யூவை மைனஸ் 35இல். மார்கழி விடியலிலும் நம் ஊரில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பனிநாட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கும் குணத்தை நாம் பழைய காருக்காக வாங்கத் தேவையில்லை.

புல்லட்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் எஞ்சின், கியர்பெட்டி, கிளட்ச் மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய். 2008க்குப் பின் வந்த ஒற்றை உடல் எஞ்சின்களில் ஒரே எண்ணெயில் கிளட்சும் முங்கியிருக்கும். அதற்குக் கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்ற குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்று கைகளில் இருந்த அறிவு இன்று குறைந்துவிட்டதை 2024 வெள்ளத்தில் பார்த்தோம். ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் புதுச்சேரியில் ஏறக்குறைய அரை மீட்டர் மழையைக் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் வந்தது. பெண்ணையாறு பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. தண்ணீரில் நின்ற வண்டிகளை, வடிந்த மறுநாளே சாவி போட்டுத் திருகியவர்கள் பலர். அப்படித் திருகக் கூடாது. முதலில் கேஜ் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலும், அளவு மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தாலும் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அந்த நிலையில் எஞ்சினை ஓட்டினால் பேரிங் போய்விடும். எண்ணெயை முழுக்க வடித்து, ஃபில்டரை மாற்றி, புது எண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றினால்தான் எஞ்சினைக் காப்பாற்றலாம்.

சாதாரண நாளிலும் சோதனை முறை ஒன்றுதான். சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். குச்சியை உருவித் துடைத்து, மறுபடி நுழைத்து எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே, மேல்கோட்டை ஒட்டி இருந்தால் நல்லது. பழைய எஞ்சின் கொஞ்சம் எண்ணெய் குடிக்கும், அதனால் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை பாருங்கள். கறுப்பு நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அழுக்கைச் சுமக்கும் எண்ணெய் கறுக்கத்தான் செய்யும்.

வடித்த எண்ணெயை மட்டும் வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அது பாகூர் ஏரிக்கும் நெல்வயலுக்கும் போகிற தண்ணீர். கேனில் அடைத்து, கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பழைய காருக்குப் புதிதாக எண்ணெய் வாங்கும்போது விலையைக் கேட்கும் முன் வண்டி பிறந்த வருடத்தைச் சொல்லி, 20டபிள்யூ-50 கேட்டு வாங்குங்கள்.