ஆழ்துளைக் கிணறு போடுமுன் பாறையை அறிவோம்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி மாவட்டங்களில் கோடை தொடங்கியதும் உழவர்கள் போர் வண்டியைத் தேடி அலைவது வழக்கமாகிவிட்டது. நகையை அடகு வைத்துப் பணம் புரட்டி, இரவோடு இரவாகத் துளையிட்டு, விடியும்போது வெறும் புகையைப் பார்த்து நின்றவர்கள் ஊர்தோறும் உண்டு. இவர்களில் பலர் ஏமாற்றப்பட்டவர்கள் அல்லர். எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பதை முன்பே தீர்மானிக்காமல், வண்டியின் இரைச்சலுக்கு நடுவே நள்ளிரவில் தீர்மானித்தவர்கள்.

பாறையில் நீர் எங்கே உள்ளது?

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறைப் பகுதியாகும். இங்கு நிலத்துக்கடியில் ஆறு போல நீர் ஓடுவதில்லை. மேல்மண், அதன் கீழ் சுக்கான் அல்லது சரளை, அதற்கும் கீழ் உளுத்துச் சிதைந்த பாறை என்று அடுக்குகள் அமைந்துள்ளன. மழைநீர் முதலில் தங்குவது இந்தச் சிதைந்த பாறையில்தான். நம் முன்னோர் வெட்டிய திறந்த கிணறுகள் அனைத்தும் இந்த நீரையே நம்பியிருந்தன. அதன் கீழே உள்ள கெட்டிப் பாறையில் ஒரு சொட்டு நீரும் தங்காது. அதிலுள்ள வெடிப்புகளில் மட்டுமே நீர் நிற்கும். போர் போடுவோர் இதனைத்தான் 'கேப்' என்கின்றனர்.

மேலுள்ள பாறையின் பாரம் அழுத்துவதால், ஆழம் செல்லச் செல்ல வெடிப்புகள் குறைந்தும் குறுகியும் போகின்றன. ஆயிரம் அடியில் நீர் கிடைத்த துளைகள் உண்டு. ஆனால் அவ்வளவு ஆழத்து நீர் பெரும்பாலும் நெடுங்காலம் ஊறிச் சேர்ந்தது. இறைத்துத் தீர்ந்தால் மீண்டும் ஊற நாளாகும். பக்கத்துத் தோட்டத்தில் 300 அடியில் நீர் வந்தது என்பதற்காக நம் தோட்டத்தில் 600 அடியில் இருமடங்கு வரும் என்று எண்ணுவது தவறு.

இடம் பார்த்தல்

வேப்பங்குச்சி, தேங்காய் கொண்டு நீரோட்டம் பார்ப்பதில் பலருக்கும் நம்பிக்கை உண்டு. அறிவியல் சோதனைகளில் அது நிலைக்கவில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையினர் மின்தடை ஆய்வுக் கருவி கொண்டு இடம் பார்த்துத் தருகின்றனர். தரையில் கம்பிகளை நட்டு மின்சாரம் செலுத்தி, மண்ணும் பாறையும் அதற்குக் காட்டும் தடையை அளப்பர். சிதைந்த பாறை எவ்வளவு ஆழம் உள்ளது என்பதை இக்கருவி நன்கு காட்டும். மிக ஆழத்திலுள்ள மெல்லிய வெடிப்பைக் காட்டும் என்று எதிர்பார்க்க இயலாது. களிமண்ணும் உப்பு நீரும் கூடக் குறைந்த தடையையே காட்டும் என்பதால், அளவீட்டைப் படிப்பவர் அனுபவமுள்ளவராக இருத்தல் வேண்டும்.

கருவிக்கு முன்னதாகச் செலவில்லாத ஆய்வு ஒன்று உண்டு. அரை மைல் சுற்றளவில் உள்ள துளைகளை ஒரு தாளில் எழுதுக. எந்த ஆண்டு போட்டது, கேசிங் குழாய் எத்தனை அடி இறங்கியது, எத்தனையாவது அடியில் கேப் வந்தது, இப்போது கோடையில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேட்டறிக. வறண்ட துளைகளையும் விடாமல் எழுத வேண்டும். நீர் வந்ததைப் பெருமையாகச் சொல்வோர் வராததைச் சொல்லத் தயங்குவர். பக்குவமாகக் கேட்டால் சொல்வர்.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

பாறைப் பகுதிக்குக் காற்றழுத்தத்தால் இயங்கும் ஹேமர் வண்டியே ஏற்றது. திருச்செங்கோட்டு வண்டிகள் இத்தொழிலில் இந்தியா முழுவதும் பெயர் பெற்றவை. காவிரிக் கழிமுகம் போன்ற மணற்பாங்கான பகுதிகளுக்கு அவ்வண்டி உதவாது. அங்குச் சேற்றுநீர் செலுத்திச் சுழன்று துளைக்கும் ரோட்டரி வண்டியோ கைபோரோ வேண்டும்.

உங்கள் ஊரில் ஏற்கெனவே துளையிட்ட வண்டிக்காரரையே முதலில் அணுகுக. அந்தப் பாறை அவருக்குத் தெரியும். பதிவு பெற்ற நிறுவனம்தானா என்று பார்த்துக் கொள்க. முதல் 300 அடிக்கு என்ன கட்டணம், அதற்குமேல் ஒவ்வொரு நூறு அடிக்கும் எவ்வளவு ஏறும், கேசிங் அடிக்கு எவ்வளவு, வண்டி வாடகை தனியா என்பவற்றை எழுதி வாங்குக. வேலை தொடங்குமுன் ஒரு ராடை நாடாவால் அளந்து கொண்டு, இறங்கும் ராடுகளை எண்ணி வந்தால் அடிக் கணக்கில் பின்னர் சச்சரவு எழாது.

வண்டிக்காரருக்குக் கூலி அடிக்கணக்கில். ஆகவே "இன்னும் நூறு அடி போடலாமா?" என்று அவர் கேட்பது இயல்பு, அவரைக் குறை சொல்வதற்கில்லை. விடை உங்கள் தாளில் இருக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் நீர் வந்த மிக ஆழமான கேப்புக்கு மேல் 50 அடி என்று எல்லை வகுத்துக் கொள்வது எம் கருத்தில் போதுமானது.

துளையிடும்போது

வெளிவரும் தூளை 10 அடிக்கு ஒரு பிடி எடுத்து வரிசையாகக் குவித்து வைக்கவும். மஞ்சள் அல்லது பழுப்புக் கறை படிந்த சல்லி வந்தால் அவ்வழியே நீர் நடமாடியுள்ளது என்று பொருள். சாம்பல் நிறத் தூள் புகையாகப் பறந்தால் அது கெட்டிப் பாறை. தூள் ஈரமாகிக் கட்டி கட்டியாக வந்தால் அந்த அடியைக் குறித்துக் கொள்க.

கேசிங் குழாய் கெட்டிப் பாறையில் சில அடிகள் நன்கு ஊன்ற வேண்டும். குறைத்தால் மேலுள்ள மண் சரிந்து துளை மூடும். தேவைக்கு மேல் இறக்கினாலோ செலவு கூடுவதுடன், மேல்மட்ட வெடிப்பில் வரும் நல்ல நீரும் அடைபட்டுப் போகும்.

நீர் வந்ததும் 'ஒரு இஞ்சு', 'இரண்டு இஞ்சு' என்பர். இது 'வி' வடிவ வெட்டுப் பலகையில் நீர் நிற்கும் உயரம். 90 பாகை வெட்டில் ஓர் அங்குலம் என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 8½ லிட்டர். இரண்டு அங்குலம் என்பது 48 லிட்டர். இரண்டு மடங்கு அன்று, ஐந்து மடங்குக்கும் மேல்! நிமிடத்துக்கு 48 லிட்டர் வீதம் நாளுக்கு 10 மணி நேரம் இறைத்தால் 28,800 லிட்டர் கிடைக்கும். ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும்; ஏழு நாள் ஆகும். இந்த நீரில் சொட்டுநீர்ப் பாசனத்தில் தென்னை வளர்க்கலாம். நெல்லை நினைக்க வேண்டாம். காற்றடிக்கும்போது தெரியும் அளவு சற்று மிகையாக இருக்கக் கூடுமாதலால், சில மணி நேரம் தொடர்ந்து இறைத்துப் பார்த்த பின்னரே மோட்டார் வாங்குக.

திறந்த கிணறு உள்ளவர்கள் புதுத் துளைக்கு முன், கிணற்றின் பக்கவாட்டில் சைடு போர் போடுவது பற்றியும் ஆலோசிக்கலாம். சிதைந்த பாறை ஆழமாக உள்ள இடங்களில் இது பலன் தரும்.

அனுமதியும் பாதுகாப்பும்

உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டு பிறப்பித்த ஆணைப்படி, துளையிடுவதற்கு 15 நாட்களுக்கு முன்னரே உரிய அலுவலர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வேலை நடக்கும்போது துளையைச் சுற்றி முள்கம்பி வேலியும், உரிமையாளர், நிறுவனம் ஆகியோரின் முகவரிப் பலகையும் தேவை. நீர் வந்த துளையில் கேசிங்கைச் சுற்றிச் சிமெண்ட் மேடை அமைத்து, குழாய்க்கு இறுக்கமான மூடி போட வேண்டும். நீர் வராத துளையை அன்றே மூடிவிடுக. சாக்கையோ தென்னை மட்டையையோ வாயில் வைத்து மறைப்பது மூடியதாகாது. களிமண், மணல், கல், துளையிலிருந்து வந்த தூள் இவற்றைக் கொண்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். மோட்டாரைக் கழற்றிப் பழுதுபார்க்க எடுத்துச் செல்லும் நாட்களிலும் குழாயின் வாய் திறந்திருக்கக் கூடாது.