பூதத்தைக் கண்டு அழுதவர்கள்

கடல் கொந்தளிக்கிறது. அலையைக் கிழித்துக்கொண்டு எழுகிறது ஒரு பூதம். 50 மீட்டர் உயரம்! அடியெடுத்து வைத்தால் மாளிகை மண்ணாகிறது. வாய் திறந்தால் நெருப்பு. இரயில் பெட்டியைக் கவ்வி, குழந்தை பொம்மையை எறிவதுபோல எறிகிறது.

இப்படி ஒரு படம் ஓடினால் கொட்டகையில் என்ன நடக்கும்? விசில் பறக்கும். கைதட்டல் கூரையைப் பிளக்கும். சிறுவர்கள் தாய் மடியில் முகம் புதைப்பார்கள், பெரியவர்கள், “எல்லாம் தந்திரக் காட்சிதானே!” என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

1954-ம் ஆண்டு நவம்பர் 3-ம் நாள் ஜப்பானில் நடந்தது வேறு. அன்றுதான் ‘கோஜிரா’ வெளியாயிற்று. பின்னாளில் உலகம் ‘காட்ஸில்லா’ என்று அழைத்த படம். கூட்டம் அலைமோதிற்று. ஏறத்தாழ 96 லட்சம் டிக்கெட்டுகள் விற்றன. பார்த்தவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்கள்!

அழுகையா? எதற்கு? இரப்பர் உடைக்குள் ஓர் ஆள். முதலில் தைத்த உடை மட்டும் ஏறத்தாழ 100 கிலோ. அதற்குள் வெந்து வியர்த்து நடந்தார் ஹருவோ நகாஜிமா என்ற நடிகர். அவர் மிதித்து உடைத்தது, உண்மை அளவில் 25-ல் ஒரு பங்காகச் செய்த டோக்கியோ. தந்திரக் காட்சி வல்லுநர் எய்ஜி சுபுராயாவின் கைவேலை. பொம்மை நகரம் எரிந்ததற்கா அழுதார்கள் வளர்ந்த மனிதர்கள்?

பொம்மைக்காக அல்ல, தோழர்களே! அந்தப் பூதம் யார் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கிருந்து வந்தது என்றும் தெரியும்.

அதே ஆண்டு மார்ச் 1-ம் நாள். பசிபிக் கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு படகு. ‘அதிர்ஷ்ட டிராகன்’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. அதிலே 23 பேர். கூலிக்கு மீன் பிடிக்கும் பாட்டாளிகள். பொழுது புலரும் முன்னே திடீரென்று ஒளி! கிழக்கே அல்ல, மேற்கே! பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. ஹிரோஷிமாவை அழித்த குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலிமை. போகக்கூடாது என்று அறிவித்திருந்த எல்லைக்கு வெளியேதான் இருந்தது படகு. வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர். என்ன பயன்? வானத்திலிருந்து வெள்ளைச் சாம்பல் கொட்டிற்று, மணிக்கணக்கில். அது கதிரியக்கச் சாம்பல் என்று யார் அறிவார்? கையால் வாரினார்கள், உடம்பில் ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து யாய்சு துறைமுகம் திரும்பியபோது தோல் வெந்திருந்தது, தலைமயிர் கொட்டிற்று. பிடித்து வந்த சூரை மீனோ சந்தைக்குப் போய்விட்டது! நாடே நடுங்கிற்று. டோக்கியோ மீன் சந்தையில் மீனைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். படகின் வானொலி ஊழியர் ஐக்கிச்சி குபோயாமா செப்டம்பர் 23-ம் நாள் மாண்டார். வயது 40.

அவர் இறந்த 41-ம் நாள் கொட்டகையில் விளக்கு அணைந்தது. படம் ஓடத் தொடங்கிற்று. முதற்காட்சி என்ன? கப்பல் தளத்திலே மாலுமிகள் ஓய்வாக உட்கார்ந்திருக்கிறார்கள். இசை கேட்கிறது. திடீரென்று கடலிலே கண்ணைப் பறிக்கும் ஒளி! கப்பல் பற்றி எரிகிறது. பார்த்திருந்தவர்களுக்கு விளக்கமும் வேண்டுமா?

கதையிலே ஹைட்ரஜன் குண்டுச் சோதனைதான் கடலடியில் கிடந்த பூதத்தை எழுப்புகிறது. இரயிலில் போகும் ஒரு பெண், நாகசாகிக்குத் தப்பிப் பிழைத்தோம், இப்போது இதுவா என்று அலுத்துக்கொள்கிறாள். எரியும் தெருவில் குழந்தைகளை அணைத்தபடி ஒரு தாய், சீக்கிரமே அப்பாவிடம் போய்விடலாம் என்று தேற்றுகிறாள். திரையிலே எரிந்தது பொம்மை நகரம். ஆனால் 1945 மார்ச் 10 இரவு உண்மை டோக்கியோ எரிந்ததே! ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டார்களே! அந்தத் தீயில் ஓடியவர்கள்தானே ஒன்பது ஆண்டு கழித்து டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள்!

1952 வரை அந்நியப் படையின் பிடியில் இருந்த நாடு அது. அணுகுண்டின் கொடுமையை எழுதவும் காட்டவும் தணிக்கை குறுக்கே நின்ற காலம் உண்டு. ஊமையாக்கப்பட்ட துயரம், பூதத்தின் உருவிலே வாய் திறந்தது. இயக்குநர் இஷிரோ ஹோண்டா போர் முடிந்து 1946-ல் சீனத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் சாம்பல் மேட்டைக் கண்ணால் கண்டவர். அவருக்குப் பூதம் வேடிக்கைப் பொருளாகுமா?

விமர்சகர் சிலர் சீறினார்கள். நாட்டின் புண்ணைக் காட்டிக் காசு பண்ணுகிறார்கள் என்றார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். டோஹோ கம்பெனி தருமத்துக்குப் படம் எடுக்கவில்லை. ஆனால் காசு பண்ண மட்டும் எடுத்த படமானால், முடிவு அப்படி இருக்குமா? செரிசாவா என்ற விஞ்ஞானி பூதத்தைக் கொல்லும் கருவியைக் கண்டுபிடித்தும் வெளியே சொல்ல அஞ்சுகிறான். ஆள்வோர் கைக்குப் போனால் அடுத்த குண்டு அதுதானே! முடிவில் தன் குறிப்புகளைத் தீயிலிடுகிறான், கருவியோடு கடலில் இறங்குகிறான், திரும்பவில்லை. பூதம் ஒழிகிறது. கொண்டாட்டம் உண்டா? இல்லை. சோதனை தொடர்ந்தால் இன்னொரு பூதம் வரும் என்று முதிய விஞ்ஞானி ஒருவர் எச்சரிக்கிறார்.

இதே படம் 1956-ல் அமெரிக்கக் கொட்டகைகளுக்குப் போயிற்று. 96 நிமிடப் படம் 80 நிமிடமாகச் சுருங்கிற்று. அதிலும் ஓர் அமெரிக்க நடிகரை வைத்துப் புதிதாக எடுத்த காட்சிகள் வேறு. நாகசாகியைச் சொன்ன பெண்ணைக் காணோம். முதியவரின் எச்சரிக்கையைக் காணோம். பூதம் மட்டும் பத்திரமாக இருந்தது! அசல் படம் அந்த நாட்டுக் கொட்டகைகளில் பரவலாகத் திரையிடப்பட்டது 2004-ல்தான். எரித்தவன் யார் என்ற கேள்வியை வெட்டிவிட்டு, எரியும் காட்சியை மட்டும் விற்றார்கள். கத்தரிக்கோலின் சாமர்த்தியம் அது!

கண்ணீர் மட்டும் குண்டை நிறுத்துமா? நிறுத்தாது. ஜப்பானியர் அதை அறிந்திருந்தார்கள். படம் வருவதற்கு முன்பே, 1954 மே மாதம், டோக்கியோவில் சுகினாமி வட்டாரத்துக் குடும்பப் பெண்கள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். மறு ஆண்டுக்குள் நாடெங்கும் சேர்ந்தவை 3 கோடிக்கு மேல்! கொட்டகையில் கண் கலங்கியவர்களில் எத்தனையோ பேர் அதில் கையெழுத்திட்டவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். இந்திய நாடாளுமன்றத்திலும் 1954 ஏப்ரல் 2-ம் நாள், சோதனையை நிறுத்துக என்று நேரு கேட்டார். 1963-ல் வானிலும் கடலடியிலும் வெடிப்பதைத் தடுக்கும் ஒப்பந்தத்தில் அமெரிக்காவும் சோவியத் நாடும் பிரிட்டனும் கையெழுத்திட்டன. அணுகுண்டுக்குத் தப்பியவர்கள் 1956-ல் அமைத்த ‘நிஹான் ஹிடாங்க்யோ’ என்ற சங்கத்துக்கு 2024-ல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. ஆனாலும் அணுகுண்டுகள் இன்னும் கிடங்குகளில்தான் கிடக்கின்றன!

தோழர்களே, படம் பாருங்கள். வேலை முடித்துக் களைத்து வந்தவனுக்குக் கொட்டகை ஓர் இளைப்பாறல். அதை யாரும் குறை சொல்ல முடியாது. பூதம் வந்தால் விசிலும் அடியுங்கள். விளக்கு எரிந்து எழுந்து வரும்போது மட்டும் ஒன்றைக் கேளுங்கள்: இந்தப் பூதத்தை எழுப்பியவன் யார்? அவன் படத்தில் இருக்கிறானா, வெட்டி எறியப்பட்டானா?

1954-ல் அழுதவர்களுக்கு விடை தெரியும். அதனால்தான் அழுதார்கள்.