ஆய்வுகூடத்திற் சிலேன்கள்

தன்னுள் இடப்பட்ட பொருளைக் கண்ணாடி மாற்றாது காக்கும் என்னும் நம்பிக்கையின் மீதே இரசாயன ஆய்வுகூடம் எழுந்துள்ளது. அமிலங்களும் உப்புக் கரைசல்களும் கிராம் அளவிலும் மில்லிகிராம் அளவிலும் கையாளப்படும்வரை அந்நம்பிக்கை பொய்ப்பதில்லை. ஆனால், ஒரு லீற்றர் குடிநீரில் ஒரு மைக்கிரோகிராமின் பத்திலொரு பங்கு நஞ்சு உளதா, இலதா என்று ஆராயப் புகும்போது நிலைமை வேறாகின்றது. தேடப்படும் பொருளின் ஒரு பகுதியைக் கண்ணாடிச் சுவரே கவர்ந்துகொள்ளும். சிலவேளை அதனைச் சிதைத்தும் விடும். அப்பொழுது நீரில் நஞ்சு இருந்தும் 'இல்லை' என்ற விடையே ஆய்வாளனுக்குக் கிட்டும். அவ்விடையை நம்பி அந்நீரைப் பருகுவோர் பலராவர். இத்தவறு நேராது காப்பதிற் பெரும்பங்கு கொள்வன சிலேன்கள் எனப்படும் சேர்வைகளாகும்.

கண்ணாடி பொருளைக் கவர்வது ஏன் என்பதை முதலில் நோக்குவோம். கண்ணாடியும் சிலிக்காவும், சிலிக்கன் அணுக்களும் ஒட்சிசன் அணுக்களும் மாறிமாறிப் பிணைந்த வலையமைப்பை உடையன. உட்புறத்தில் அவ்வலை தடையின்றித் தொடர்கின்றது. மேற்பரப்பிலோ அது அறுபட்டு நிற்கின்றது. அறுபட்ட இடங்களில் ஐதரசன் சேர்ந்து சிலனோல் என்னும் கூட்டங்கள் உண்டாகின்றன. நீரேற்றம் முற்றுப்பெற்ற சிலிக்காவின் ஒரு சதுர நனோமீற்றர் பரப்பில் இத்தகைய கூட்டங்கள் ஏறக்குறைய 5 உள. இவை நீரையும் அமீன்களையும் முனைவுத்தன்மை கொண்ட பிற சேர்வைகளையும் ஐதரசன் பிணைப்பினால் ஈர்த்துப் பற்றுகின்றன. தூய கண்ணாடியில் நீர் துளித்துளியாக நில்லாது படலமாகப் பரவுவதும் இதனாலேயே.

சிலேன் என்பது சிலிக்கன் அணுவொன்றை நடுவாகக் கொண்ட சேர்வை. ஆய்வுகூடத்திற் பயன்படும் சிறப்புச் சிலேன்கள் இருவகைக் கைகளை உடையன எனலாம். ஒருவகைக் கை, குளோரீன் போன்ற எளிதில் நீங்கும் கூட்டம். அது சிலனோலோடு தாக்கமுற்று, சிலேனை மேற்பரப்பிற் பிணைக்கும். மற்றைய கை, மெதயில் முதலிய சேதனக் கூட்டம்; அது தாக்கமுறாது வெளிநோக்கி நிற்கும். உதாரணமாக, இருமெதயில் இருகுளோரோசிலேனைத் தொலுயீனில் 5 சதவீதமாகக் கரைத்து, உலர்ந்த கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டால், ஐதரசன் குளோரைட்டு வெளியேற, பாத்திரத்தின் சுவர் மெதயிற் கூட்டங்களால் மூடப்படும். பின்னர் தொலுயீனாற் கழுவி, எஞ்சிய குளோரீனை நீக்கும்பொருட்டு மெதனோலாலும் கழுவுவர். இங்ஙனம் பதப்படுத்திய கண்ணாடியில் நீர், தாமரை இலைத் தண்ணீர் போல் ஒட்டாது உருளும். குளோரோசிலேன்கள் காற்றின் ஈரத்தோடும் தாக்கமுற்று அரிக்கும் ஆவியைத் தருவனவாதலின், இவ்வேலை ஆவி வெளியேறுவதற்கு வழியுள்ள அடைப்பினுள்ளேயே செய்யப்படல் வேண்டும்.

இச்சேர்வைகளின் வரலாறு அறிவுக்கு விருந்தாவது. சிலிக்கனும் காபனும் நேரே பிணைந்த முதற் சேர்வையை பிரீடெலும் கிராப்ற்சும் 1863இல் ஆக்கினர். இங்கிலாந்தின் நொட்டிங்காமிற் பேராசிரியராக விளங்கிய பிரடெரிக் கிப்பிங் பல்லாண்டுகள் இத்துறையில் உழைத்தார். எனினும், இதில் உடனடியான பெரிய முன்னேற்றத்திற்கு நம்பிக்கை தரும் அறிகுறி இல்லை என்ற கருத்தையே அவர் 1937இல் வெளியிட்டார். 1940இல், அமெரிக்காவில் இயூசீன் ரோச்சோ என்பவர் செம்பை ஊக்கியாகக் கொண்டு, சூடேற்றிய சிலிக்கன்மேல் மெதயில் குளோரைட்டைச் செலுத்தி, இருமெதயில் இருகுளோரோசிலேனைப் பெருமளவில் ஆக்கும் வழியைக் கண்டார். 1950இல் கவார்ட், மாட்டின் என்னும் இருவரும் கீசல்கூர் என்னும் மண்ணை இச்சிலேனின் ஆவியாற் பதப்படுத்தி, அதனை நிரப்பிய குழாயிற் கொழுப்பமிலங்களை ஒன்றிலிருந்தொன்று பிரித்தனர். நீரை விரும்பும் திண்மத்தை நீரை வெறுப்பதாக மாற்றிப் பயன்கொள்ளலாம் என்பதை அப்பரிசோதனை தெளிவாகக் காட்டியது.

காப்பற்ற கண்ணாடி விளைக்கும் கேட்டுக்குத் தக்க சான்று பீடைகொல்லிகளின் பகுப்பிற் கிடைக்கின்றது. 1940களின் நடுப்பகுதி முதல் இலங்கையில் மலேரியாத் தடுப்புக்குத் தெளிக்கப்பட்ட டீ.டீ.ரீ.யையும், என்றின் என்னும் பிறிதொரு நஞ்சையும் வாயு நிறப்பதிவியல் முறையால் அளப்பதுண்டு. மாதிரி முதலிற் சூடான ஒரு கண்ணாடிக் குழாயினுட் புகுத்தப்பட்டு ஆவியாக்கப்படும். அக்குழாயின் சுவர் பதப்படுத்தப்படாதிருப்பின், அல்லது அழுக்கேறியிருப்பின், டீ.டீ.ரீ. அங்கேயே டீ.டீ.ஈ., டீ.டீ.டீ. என்பனவாகச் சிதையும், என்றின், அல்டிகைட்டாகவும் கீற்றோனாகவும் மாறும். ஆகவே ஐக்கிய அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவர் நிலையத்தின் 8081ஆம் இலக்க முறை, இவ்விரு பொருள்களும் தனித்தனியே 15 சதவீதத்துக்கு மேற் சிதையலாகாது என்று விதிக்கின்றது. எல்லை கடந்தால், அளவீட்டை நிறுத்திக் கருவியைத் திருத்துதல் வேண்டும்.

கண்ணாடி பற்றாதிருக்கச் செய்த அதே இரசாயனம், விரும்பியதைப் பற்றச் செய்யவும் உதவுகின்றது. இதுவே திண்ம அவத்தைப் பிரித்தெடுப்பின் அடிப்படை. நுண்டுளைகள் நிறைந்த சிலிக்காத் துகள்களின்மீது, 18 காபன் அணுக்களைக் கொண்ட நீண்ட சங்கிலியுடைய சிலேனைப் பிணைத்தால், அத்துகள்கள் எண்ணெய்த்தன்மை பெறுகின்றன. இத்தகைய சிலிக்காவின் ஒரு கிராமுக்குள் ஏறக்குறைய 500 சதுர மீற்றர் பரப்பு அடங்கும். எனவே அரைக் கிராம் நிரப்பிய சிறு குழாயினுள் இருக்கும் பரப்பு ஒரு ரெனிஸ் ஆடுகளத்தின் பரப்புக்கு அண்மையானது. இனம் இனத்தோடு சேரும் என்பதற்கிணங்க, நீரிற் கரைந்துள்ள முனைவற்ற சேர்வைகள் இச்சங்கிலிகளிடையே தங்கிவிடுகின்றன. சங்கிலிக்குப் பதிலாக அமினோ, சயனோ முதலிய கூட்டங்களை உடைய சிலேன்களைப் பிணைத்தால், வேறுவகைப் பொருள்களைப் பற்றும் திண்மங்கள் கிடைக்கும்.

குடிநீரில் அத்திரசீன் என்னும் களைகொல்லியை ஆராயும் முறையை எடுத்துக்கொள்வோம். முதலிற் குழாயினூடாக மெதனோலும், அதன்பின் தூய நீரும் செலுத்தப்படும். மெதனோல் சங்கிலிகளை நனைத்து விரியச் செய்யும். திண்மம் உலர்ந்துவிடின் அவை மீண்டும் ஒடுங்கிப் பற்றும் ஆற்றல் குன்றும். இரண்டாவதாக, ஒரு லீற்றர் மாதிரி நீர் மெதுவாகச் செலுத்தப்படும். மூன்றாவதாக, வேண்டாத உப்புகள் நீராற் கழுவப்பட்டுத் திண்மம் உலர்த்தப்படும். இறுதியாக, சில மில்லிலீற்றர் எதயில் அசற்றேற்று, தங்கிய பொருளைக் கரைத்து வெளிக்கொணரும். அதனை ஒரு மில்லிலீற்றராக ஒடுக்கினால் செறிவு ஆயிரமடங்காகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் தனியொரு பீடைகொல்லிக்கு வகுத்துள்ள எல்லை லீற்றருக்கு 0.1 மைக்கிரோகிராம். அவ்வளவே நீரில் இருப்பினும் இங்ஙனம் செறிவாக்கியபின் கருவி அதனைக் காணும்.

முன்னர் இவ்வேலைக்குப் பிரிபுனலே பயன்பட்டது. நீரையும் கரைப்பானையும் சேர்த்துக் குலுக்கி, இரு படைகளும் பிரியும்வரை காத்திருத்தல் வேண்டும். அவை பாற்குழம்பாகிப் பிரியாதிருத்தலும் உண்டு. குளோரீன் கொண்ட கரைப்பான்கள் நூற்றுக்கணக்கான மில்லிலீற்றர் செலவாயின. 1978இல் செப்-பாக் என்னும் சிறு குழாய்கள் விற்பனைக்கு வந்தபின், இச்சிரமம் பெரிதும் குறைந்தது.

எனினும் இம்முறைக்கும் ஒரு குறையுண்டு. நீண்ட சங்கிலிகள் ஒன்றையொன்று நெருக்குவதால், சிலனோல்களிற் பாதிக்குக் குறையாதவை தாக்கமுறாது எஞ்சுகின்றன. அவற்றுட் சிலவற்றை மும்மெதயில் குளோரோசிலேன் போன்ற சிறிய மூலக்கூறுகளால் மூடலாம். முற்றாக மூடுதல் இயலாது. மூலத்தன்மையுடைய மருந்துப் பொருள்கள் அங்கே சிக்குண்டு, முழுமையாக வெளிவராதிருத்தல் கூடும்.

ஆதலால், அறிந்த அளவு பொருளை மாதிரியிற் சேர்த்து, அதில் எத்துணை பங்கு திரும்பக் கிடைக்கின்றது என்று சோதிப்பது ஆய்வாளனின் கடமையாகின்றது. நூறு பங்கு இட்டுத் தொண்ணூறு பங்கு மீண்டால், மாதிரியில் அப்பொருள் தென்படாதபோது 'இல்லை' என்று கூறும் விடைக்குப் பொருளுண்டு. இருபது பங்கே மீண்டால், அவ்விடை நீரைப் பற்றிக் கூறுவதிலும் பார்க்க, நீர் கடந்துவந்த பாத்திரங்களையும் குழாய்களையும் பற்றியே அதிகம் கூறுகின்றது. கண்ணுக்குத் தெரியாத மேற்பரப்பையும் கணக்கிற் கொள்ளும்போதே அளவீடு நம்பத்தக்கதாகின்றது.